ஓட்டத்தடத்தை ஏசாதீர்; ஓட்டத்தடமாகும் சாலையை ஏசுங்கள்



சுங்கை பட்டாணி, கூலிம், அலோர் ஸ்டார் வட்டாரங்களில் விரைவுக் கார் வைத்திருக்கும் நம் இளைஞர்கள் குழுவாகச் சேர்ந்து, எல்லை கடந்து தாய்லாந்தின் புரிராம் பந்தயத்தடத்தில் கார் ஓட்டிவரத் திட்டமிடுவது இப்போது நம் கூட்டங்களில் பேச்சாகிவிட்டது. பேசுகிறவர்களில் பெரும்பாலோர் தலையில் அடித்துக்கொள்கிறார்கள். "காசுக்கு வந்த கேடு" என்கிறார் ஒருவர். "உயிருக்கு உலை வைக்கிறார்கள்" என்கிறார் மற்றொருவர். "தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர் பேரனுக்கு இது எதற்கு?" என்கிறார் மூன்றாமவர்.

இம்மூன்று கூற்றுகளையும் நான் மறுக்கிறேன். அதே வேளையில், திட்டமிடும் இளைஞர்களை அப்படியே வாழ்த்தி அனுப்பவும் என்னால் இயலாது. இரு தரப்பாரும் பார்க்கத் தவறுவது ஒன்று உண்டு. ஆபத்து பந்தயத்தடத்தில் இருப்பதைவிட, அங்குப் போகும் சாலையிலும் அங்கிருந்து திரும்பும் சாலையிலுமே மிகுதி.

முதலில் காசுக் கணக்கு. "அந்தப் பணத்தைத் தமிழ்ப்பள்ளிக்குக் கொடுக்கலாமே" என்று கேட்கிறோம். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் ஒரே இரவில் ஆயிரக்கணக்கான ரிங்கிட்டை விழுங்கும் பிறந்தநாள் விருந்துகளின் வாசலில் இக்கேள்வியைக் கேட்டோமா? தமிழகத்து நடிகர்களை வரவழைத்து நடத்தும் நட்சத்திர இரவுகளில் கேட்டோமா? நாம் பழகிப்போன ஊதாரித்தனத்திற்குப் பெயர் கௌரவம்; பழகாத செலவுக்குப் பெயர் வீண்செலவு. இது நேர்மையான கணக்கன்று.

இரண்டாவது, உயிர் அச்சம். இந்நாட்டில் 2019ஆம் ஆண்டில் மட்டும் சாலை விபத்துகளில் 6,167 பேர் மாண்டனர். மலேசியச் சாலைகளில் மாள்வோரில் பெரும்பான்மையினர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். அவர்கள் பந்தயத்தடத்தில் மாளவில்லை. நாம் நாள்தோறும் பள்ளிக்கும் வேலைக்கும் போய்வரும் சாலைகளில் மாண்டார்கள். பீடோங், பாடாங் செராய், லூனாஸ் பக்கத்து ஆசிரியர் எவரையும் கேட்டுப் பாருங்கள். தம்மிடம் படித்த ஒருவனின் இறுதிச் சடங்கிற்குப் போய்வராதவர் அரிது.

பந்தயத்தடம் என்பது என்ன? எல்லா வண்டிகளும் ஒரே திசையில் ஓடும் இடம். எதிரே லாரி வராது. குறுக்கே மாடு வராது. சந்திலிருந்து சைக்கிள் பாய்ந்து வராது. தலைக்கவசம் இல்லாதவனை உள்ளே விடமாட்டார்கள். மஞ்சள் கொடி அசைந்தால் முந்தக்கூடாது. நீலக்கொடி காட்டினால் பின்னால் விரைந்து வருபவனுக்கு வழிவிட வேண்டும். சிவப்புக்கொடி காட்டினால் அனைவரும் வேகம் தணித்துத் திரும்ப வேண்டும். கருப்புக்கொடி ஒருவனுக்கு எனக் காட்டப்பட்டால் அவன் வெளியேற வேண்டும், வாதாட இடமில்லை. மருத்துவ வண்டி காத்து நிற்கும். நம் வகுப்பறைகளிலேயே இத்தனை ஒழுங்கு உண்டா என்று எண்ணிப் பாருங்கள்!

அந்தத் தலைக்கவசத்திற்கும் ஒரு வரலாறு உண்டு. 1956இல் அமெரிக்காவில் ஸ்நெல் என்னும் ஓட்டுநர் ஒரு கார்ப் பந்தயத்தில் தலையில் அடிபட்டு இறந்தார். அவர் அணிந்திருந்த கவசம் அவரைக் காக்கவில்லை. நண்பர்கள் அழுதுவிட்டு ஓய்ந்துவிடவில்லை. மறு ஆண்டே அவர் பெயரில் ஓர் அறநிறுவனம் தொடங்கித் தலைக்கவசங்களைச் சோதித்துத் தரம் வகுத்தார்கள். உலகப் பந்தயத்தடங்கள் பலவற்றில் இன்றும் அத்தர முத்திரையைத் தேடிப் பார்க்கிறார்கள். ஒரு சாவிலிருந்து பாடம் கற்ற சமூகம் அது. நாம் நம் பிள்ளைகளின் சாவுகளிலிருந்து என்ன கற்றோம்? இரங்கல் பதாகை அச்சடிக்கக் கற்றோம்.

மூன்றாவது கூற்றுதான் எனக்கு மிகவும் கசக்கிறது. "தோட்டத்துப் பிள்ளைக்கு எதற்கு?" இதே கேள்வியைத்தான் ஒரு காலத்தில் கல்லூரிக்குப் போக எண்ணிய பிள்ளையிடமும் கேட்டார்கள். 2002இல் நம் நாட்டுக் கரம்ஜித் சிங், புரோட்டோன் காரை ஓட்டி, உலக ரேலியில் தயாரிப்புக் கார்ப் பிரிவின் வெற்றியாளரானார். 2005இல் கோயம்புத்தூரின் நரேன் கார்த்திகேயன் பார்முலா 1 பந்தயத்தில் களமிறங்கிய முதல் இந்தியரானார். 1953இல் தோன்றிய சென்னை மோட்டார் விளையாட்டுச் சங்கம், சோழவரத்தில் இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமான ஓடுபாதையில் பந்தயம் நடத்தி வந்தது; 1990இல் திருப்பெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் தனக்கெனப் பந்தயத்தடமே அமைத்துக்கொண்டது. சங்கம் என்றால் அது சங்கம்! ஒரே நிறச் சட்டை தைத்து, காரின் பின்கண்ணாடியில் பெயர் ஒட்டுவது மட்டும் சங்கமாகிவிடாது.

இனி, திட்டமிடும் தம்பிமார்களிடம் வருகிறேன். கடாரம் கொண்ட சோழன் பரம்பரை என்று மேடைதோறும் முழங்குகிறோம். 1025 வாக்கில் அச்சோழன் படை கடல் கடந்து இக்கெடா மண்ணுக்கு வந்தபோது, கலமும் காற்றும் உணவும் கணக்கிடாமலா புறப்பட்டிருக்கும்? வள்ளுவர் 'தெரிந்துசெயல்வகை' என ஓர் அதிகாரமே வகுத்தாரே! ஆகவே நான் கேட்கும் ஐந்து கேள்விகளுக்கு எழுத்தில் விடை தாருங்கள்.

ஒன்று: ஏன் முதலிலேயே புரிராம்? 1999இல், அலோர் ஸ்டாரில் பிறந்த மகாதீர் பிரதமராக இருந்த காலத்தில் திறக்கப்பட்ட சிப்பாங் பந்தயத்தடம் சுங்கை பட்டாணியிலிருந்து ஏறக்குறைய 400 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. அது 5.543 கிலோமீட்டர் நீளமும் 15 வளைவுகளும் கொண்டது. 2014இல் திறக்கப்பட்ட புரிராம் தடம் 4.554 கிலோமீட்டர்; 12 வளைவுகள். இரண்டையும் வடிவமைத்தவர் ஜெர்மானியரான ஹெர்மன் டில்கே. சிப்பாங்கில் பயிற்றுநரோடு சில நாள் ஓட்டிப் பழகாதவன், 1,400 கிலோமீட்டருக்கும் அப்பால் போய்க் கற்கப்போவது என்ன? உள்ளூர்ப் பாடத்தை முடித்துவிட்டு வெளிநாட்டுத் தேர்வுக்குப் போங்கள்.

இரண்டு: காப்புறுதி எங்கே? நம் வழக்கமான கார்க் காப்புறுதி மலேசியா, சிங்கப்பூர், புருணை ஆகிய நாடுகளுக்கே செல்லும். தாய்லாந்துக்குத் தனியாக நீட்டிப்பு வாங்க வேண்டும். அந்நாட்டின் கட்டாய மூன்றாம் தரப்புக் காப்புறுதியும் எடுக்க வேண்டும். இத்தனையும் வாங்கினாலும், பந்தயமும் வேகச் சோதனையும் வழக்கமான காப்புறுதியில் விலக்கப்பட்டவை. பந்தயத்தடத்தில் கார் நொறுங்கினால் ஒரு வெள்ளியும் வராது; வங்கித் தவணை மட்டும் மாதந்தோறும் வரும். ஒன்பது ஆண்டுத் தவணைக்குப் பிணை நின்றவர் யார்? பல வீடுகளில் அப்பாதான். பெற்றோர்களே, உங்கள் கையொப்பம் எங்கே இருக்கிறது என்று இன்றே பாருங்கள்.

மூன்று: ஆவணங்கள் யார் பெயரில்? கடன் முடியாத கார் என்றால் வங்கியின் இசைவுக் கடிதம் வேண்டும். அண்ணன் பெயரில் உள்ள கார் என்றால் அண்ணனின் அனுமதிக் கடிதம் வேண்டும். புக்கிட் காயு ஹீத்தாமில் வரிசையில் நின்றுகொண்டு வீட்டுக்குத் தொலைபேசி அடிப்பதைத் திட்டமிடல் என்று சொல்ல முடியாது.

நான்கு: போகும் வழியில் எப்படி ஓட்டுவீர்கள்? இதுவே தலையாய கேள்வி. பத்துக் கார்கள் அணியாக நெடுஞ்சாலையில் ஏறியதும், முன்னவனை எட்டிப்பிடிக்கும் வெறி பின்னவனுக்கு வருகிறது. மணிக்கு 110 கிலோமீட்டர் என்பது நெடுஞ்சாலைச் சட்டம். அந்த வேகத்திலேயே ஒரு நொடிக்கு 30 மீட்டர் கடந்துவிடுகிறோம். பொதுச்சாலையில் பந்தயம் ஓட்டினால் அது சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி குற்றம். தடத்தில் ஓட்டப் போகிறோம் என்று சொல்லிவிட்டு, தடம் வருமுன்னே சாலையைத் தடமாக்குகிறவனுக்கும் நாம் ஏசும் மாட் ரெம்பிட்டுக்கும் என்ன வேறுபாடு? சக்கரங்கள் இரண்டு கூடுதல், அவ்வளவே.

ஐந்து: திரும்புவது எப்படி? போவதைவிட இதுவே கொடியது. நாள் முழுதும் தடத்தில் ஓட்டிய கண்ணுக்கு 110 என்பது ஊர்வதாகத் தோன்றும். தடைக்கட்டைகள் தேய்ந்திருக்கும், டயர்கள் வெந்திருக்கும், உடல் களைத்திருக்கும். திங்கட்கிழமை வேலை காத்திருக்கும். அதே காரில், அதே இரவில், அதே தடைக்கட்டையோடு 1,400 கிலோமீட்டர்! ஒரு நாள் ஓய்வு, மாற்று ஓட்டுநர், மாற்றுத் தடைக்கட்டை, புதிய தடைத்திரவம் ஆகிய நான்கும் பட்டியலில் இல்லையெனில் அத்திட்டத்தைக் கிழித்துப் போடுங்கள். இழுவை வண்டியில் காரை ஏற்றிச் செல்வது கோழைத்தனம் என்று எவனாவது சிரித்தால், அவனை முதலில் குழுவிலிருந்து நீக்குங்கள்.

ஆசிரியர்களாகிய நமக்கும் இதில் கடமை உண்டு. மணிக்கு 60லிருந்து 120க்கு வேகம் இரட்டிப்பானால், தடை போட்டு நிற்கத் தேவைப்படும் தூரம் இரட்டிப்பாவதில்லை, நான்கு மடங்காகிறது. ஒரு வரிக் கணக்கு இது. தடைத்திரவத்தில் 'டாட் 4' என்னும் வகை புதிதாக இருக்கையில் குறைந்தது 230 பாகை வெப்பம் வரை கொதிக்காது. ஈரம் உறிஞ்சியபின் அந்த வரம்பு 155 வரை இறங்கிவிடலாம். கொதித்தால் மிதித்த கால் வெறுமனே அமிழும், வண்டி நிற்காது. ஓர் அறிவியல் பாடம் இது. ஆறாம் ஆண்டு மாணவனுக்கு இவற்றைச் சொல்லிக்கொடுக்க எந்தச் சுற்றறிக்கைக்குக் காத்திருக்கிறோம்? பதினாறு வயதில் அவன் மோட்டார் சைக்கிளில் ஏறும்போது, அவனிடம் நம் குரல் போய்ச் சேர்ந்திருக்க வேண்டாமா?

கார்க் குழுக்களிடமும் ஒன்று கேட்கிறேன். ஆண்டில் ஒரு சனிக்கிழமை நம் பள்ளித் திடலுக்கு வாருங்கள். கொடிகளைக் காட்டுங்கள், தலைக்கவசத்தைப் பிள்ளைகள் கையில் கொடுங்கள், கார் நிற்க எத்தனை அடி வேண்டும் என்று கயிறு பிடித்து அளந்து காட்டுங்கள். கார் வாங்க வசதியில்லாத தோட்டப்புறப் பையன் உங்களைத்தான் பார்த்து வளர்கிறான். உங்கள் வேகத்தை அவன் பார்த்துவிட்டான். உங்கள் ஒழுங்கை இன்னும் பார்க்கவில்லை.

பெற்றோர்களே! "போகாதே" என்று ஒரே சொல்லில் கதவைச் சாத்தாதீர்கள். சாத்திய கதவுக்குப் பின்னால் பிள்ளை நள்ளிரவில் ஊர்ச்சாலைக்குத்தான் போகிறான். "திட்டத்தைக் காட்டு" என்று கேளுங்கள். எழுதிக் காட்டத் தெரிந்தவன் போகட்டும், திரும்பி வருவான். எழுதத் தெரியாதவன் எழுதக் கற்கும்வரை வீட்டில் இருக்கட்டும்.

சிந்திப்போம். பிள்ளைகளைப் புதைத்தபின் சிந்திக்கும் வழக்கத்தை இனியேனும் விடுவோம்.