சாலை வந்த பிறகா விளையாட்டு?

"மேல்மலைக் கிராமமான பூண்டிக்கு முதலில் நல்ல சாலையும் கழிப்பறையும் வேண்டும்; பொது இடத்தில் விளையாட்டு அமைப்பெல்லாம் நகரத்துச் சொகுசு" என்கிறார் நண்பர். என்னால் ஏற்க முடியவில்லை. 1947இல் ஆம்ஸ்டர்டாம் போரும் பஞ்சமும் கடந்து, குடியிருக்க வீடில்லாமல் தவித்தது. அப்போதுதான் கட்டடக் கலைஞர் ஆல்டோ வான் ஐக் ஒரு மணல்தொட்டி, சில இரும்புக் கம்பிகளோடு பொது விளையாட்டிடங்களை அமைக்கத் தொடங்கினார். முப்பது ஆண்டுகளில் அப்படி 700க்கு மேல் அமைந்தன. எதை எப்படி ஆடுவதென்று குழந்தைகளே கண்டுபிடித்தார்கள்.

எளிய பொருள்களால் பொது இடத்தில் விளையாடுவது நமக்கும் புதிதல்ல. கோயில் மண்டபத் தரையில் ஆடுபுலி ஆட்டக் கோடு கீறியவர்களும், மந்தையில் இளவட்டக்கல் போட்டவர்களும் செல்வந்தர்களா? பூண்டும் உருளையும் விளையும் மேல்மலையில், பேருந்துக்குக் காத்திருக்கும் இடத்தில், நாலு கற்படியும் ஓர் ஆட்டக்கட்டமும் போதும். சாலைப் பணத்தில் கைவைக்கத் தேவையில்லை. மழையில் துருப்பிடிக்கும் சறுக்குமரத்தை மட்டும் கீழிருந்து ஏற்றி வராதீர்கள்.