சுருட்டை எங்கே போச்சு?

ஊரில் யாருக்கு என்ன வேலை இருக்கிறதோ தெரியாது, என் மகளின் தலைமுடியைக் கண்காணிக்கிற வேலையை மட்டும் எல்லோரும் சம்பளமில்லாமல் பார்க்கிறார்கள். மாடி வீட்டு அக்கா, பால் பாக்கெட் போடுகிறவர், கல்யாணப் பந்தியில் எதிர் வரிசையில் உட்கார்ந்த முன்பின் தெரியாத பாட்டி, எல்லோருக்கும் ஒரே கேள்விதான். "அந்தச் சுருட்டை எங்கேம்மா போச்சு?" நான் என்னமோ அதை அடகுக் கடையில் வைத்துவிட்டு வந்த மாதிரி.

மொட்டைக்கு முன்னால் அவளுக்குக் காதோரமும் பிடரியிலும் முடி வளையம் வளையமாகச் சுருண்டு கிடந்தது, வாஸ்தவம்தான். தெருவில் பாதிப் பேருக்கு அவள் ‘சாய்பாபா’, மீதிப் பேருக்கு ‘மேகி’. "சுருட்டை முடி சோறு போடும், கோரை முடி குடியைக் கெடுக்கும்" என்று என் மாமியார் பேத்தியின் தலையைத் தடவித் தடவிச் சொல்லுவார். அந்தச் சோறு போடுகிற முடியைக் குலதெய்வத்துக்கு இறக்க நாள் குறித்தவரும் அவரேதான். ஒரு வயசு தாண்டிவிட்டால் மூணாம் வயசுதான், ரெட்டைப்படையில் போடக் கூடாது என்று அவசரம் வேறு.

என் அண்ணன் மடியில் உட்கார வைத்தார்கள். முடி எடுக்கிறவர் தலையில் தண்ணீரைத் தெளித்துத் தேய்த்தார். "புது பிளேடுதானே?" என்று கேட்டேன். உறையைப் பிரித்துக் காட்டி, பிளேடை இரண்டாக ஒடித்து, பாதியைக் கத்தியில் செருகினார். உச்சிக்குழி இன்னும் முழுசாக மூடாத வயசு. அந்த இடத்தில் கத்தி போகும்போது எனக்கு மூச்சே நின்றது. குழந்தை போட்ட கூச்சலில் மேளம்கூட அடங்கிவிட்டது. ஈரச் சுருள்கள் கொத்துக் கொத்தாக அண்ணன் வேட்டியில் விழ, சுற்றி நின்ற கூட்டம் "அடுத்த முடி அடர்த்தியா வரும் பாரு" என்று ஆறுதல் சொன்னது. அதே கூட்டம்தான் முடி நேராக முளைத்ததும் "நல்லா இருந்த சுருட்டையைக் கெடுத்துட்டியே" என்கிறது. கோயிலுக்கு வந்தது ஒரு வேன் ஆட்கள், பழிக்கு நான் ஒருத்தி.

சரி, கத்திதான் கெடுத்தது என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் அந்தக் கத்தி என்னதான் செய்யும் என்று இவர்களுக்குள்ளேயே ஒரு முடிவு இல்லை. நாத்தனார் சொல்கிறார், மொட்டை போட்டால் சுருட்டை கோரையாகிவிடுமாம். பெரியம்மா சொல்கிறார், மூணு மொட்டை தொடர்ந்து போட்டால் கோரைமுடியும் சுருட்டையாகுமாம். எதிர்வீட்டு அக்கா கணக்கில் செம்பட்டை கறுத்துவிடும், மெலிந்தது தடித்துவிடும். பாதி பிளேடுக்கு இத்தனை வித்தை தெரியுமா? என் வீட்டுக்காரர் மீசை முளைத்த நாளிலிருந்து தாடையை வழித்துக்கொண்டிருக்கிறார். வழிக்காமல் வளர விட்டால் தாடி பழையபடி சுருண்டுதான் வருகிறது. அதைப் பார்த்து ஒருத்தரும் எதுவும் கேட்டதில்லை.

விஷயம் தோலுக்கு மேலே இல்லை, அடியில் இருக்கிறது. நம் கண்ணுக்குத் தெரிகிற முடி உயிரில்லாத கெரட்டின். அது நேராக வருவதா சுருண்டு வருவதா என்பதைத் தீர்மானிப்பது தோலுக்குள் புதைந்திருக்கிற மயிர்க்கால். மயிர்க்கால் நேராக இருந்தால் முடி நேராக வரும், வளைந்திருந்தால் சுருளும். குறுக்கே வெட்டிப் பார்த்தால் நேர்முடி ஏறக்குறைய வட்டமாகவும், சுருள்முடி தட்டையான நீள்வட்டமாகவும் தெரியும். இதெல்லாம் அப்பா அம்மா கொடுத்து அனுப்பிய சமாச்சாரம். மேலே மேய்ந்துவிட்டுப் போகிற பிளேடுக்கு, கீழே ஒரு வேர் இருப்பதே தெரியாது.

சவரத்தால் முகத்து முடியின் நிறமும் மாறாது, தடிமனும் மாறாது, வளரும் வேகமும் மாறாது என்று அமெரிக்க உடற்கூறியல் வல்லுநர் மில்ட்ரெட் டிராட்டர் 1928-லேயே ஆராய்ந்து எழுதிவிட்டார். 1970-ல் வெளிவந்த இன்னொரு ஆய்வில், ஐந்து ஆண்கள் ஒரு காலை மட்டும் வாரா வாரம் மழித்து மறு காலை அப்படியே விட்டுவைத்தார்கள். பல மாதம் கழித்துப் பார்த்தால் இரண்டு காலுக்கும் சொல்லும்படி வித்தியாசமில்லை. அந்த ஆய்வில் அளந்தது தடிமனையும் வளர்ச்சியையும்தான், சுருளை அல்ல. ஆனால் தடிமனையே மாற்ற முடியாத கத்தி, வேரின் வளைவை எப்படி நிமிர்த்தும்?

அப்புறம் ஏன் நேராகத் தெரிகிறது? முதலாவது, முடி மாதத்துக்குச் சுமார் 1 செ.மீ.தான் வளரும். அரை விரற்கடை முடி எங்கே வளையும், எங்கே சுருளும்? கொஞ்சமாவது நீளமாக வளர்ந்தால்தான் சுருள் என்ற ஒன்று கண்ணில் படும். இரண்டாவது, குழந்தை முடி எப்போதும் ஒரே மாதிரி இருப்பதில்லை. பிறந்த முடி முதல் சில மாதங்களில் பெரும்பாலும் தானாகவே உதிர்ந்து புதுசு முளைக்கிறது. அதற்குப் பிறகும் வருஷங்கள் போகப் போகக் குணம் மாறலாம். சில குழந்தைகளுக்கு ரெண்டு மூணு வயசில்தான் சுருளே ஆரம்பிக்கும், சிலருக்கு அந்த வயசில் தளர்ந்துபோகும். பருவ வயசில் இன்னொரு தரம் மாறினாலும் மாறும். இந்த மாற்றமெல்லாம் நடக்கிற நேரம் பார்த்து நாம் மொட்டை போடுகிறோம், பழி மொட்டை மேல் விழுகிறது. அடர்த்தி கதையும் இப்படித்தான். வெட்டாத முடிக்கு நுனி மெல்லிசாக முடியும், வெட்டிய முடிக்கு நுனி மொட்டையாக இருக்கும். கைக்குச் சொரசொரப்பாகப் படுவதை அடர்த்தி என்று நினைத்துக்கொள்கிறோம்.

ஆக, திரும்பி வருமா என்று கேட்டால், மயிர்க்கால் இன்னும் வளைந்திருந்தால் வரும். வராவிட்டால், மொட்டை போடாமல் இருந்திருந்தாலும் போயிருக்கும். இதைச் சொன்னால் யார் காதில் வாங்குகிறார்கள்? "விளக்கெண்ணெய் தடவு", "சின்ன வெங்காயச் சாறு தேய்", "விரலில் சுத்திச் சுத்தி விடு" என்று ஆளுக்கொரு வைத்தியம். வெங்காயச் சாறு குழந்தையின் கண்ணில் வழிந்தால் இவர்களா வந்து ஊதுவார்கள்? அவளைக் குளிப்பாட்டித் துவட்டும்போது பிடரியில் லேசாக ஒரு வளைவு இப்போதே தெரிகிறது. தெரிந்து என்ன பிரயோஜனம்? மாமியார் கை நிறைய எண்ணெய் ஊற்றி, சீப்பை அழுத்தி வழித்து வாரிவிட்டு, "சுருட்டையைக் காணோமே" என்று என்னையே கேட்கிறார்.

எனக்கு உண்மையில் ஆத்திரம் வருவது வேறு இடத்தில். மகளுக்கு வந்த சுருட்டை என்னிடமிருந்து போனதுதான். என் சின்ன வயசில் அதற்கு யாரும் சோறு போடுகிற முடி என்று பட்டம் தரவில்லை, ‘பரட்டை’ என்றுதான் கூப்பிட்டார்கள். இன்றைக்கு உச்சுக்கொட்டுகிற இதே பெரியம்மாதான் அன்றைக்கு "எண்ணெய் வெச்சுப் படிய வாருடி, பேய் மாதிரி நிக்காதே" என்பார். பள்ளிக்கூடத்துக்கு ரெட்டைச் சடை, ரிப்பன், ஒரு முடி பிரிந்து நிற்கக் கூடாது. கல்யாணம் நிச்சயமானதும் என்னைப் பார்லருக்கு அழைத்துப்போய் நேராக்கிக் கொண்டுவந்ததும் இந்தக் குடும்பம்தான். கண் எரிகிற புகையில் பாதி நாள் உட்கார்ந்து, நகை வாங்குகிற காசைக் கொட்டி வாங்கிய கோரைமுடி அது. அடுத்த தீபாவளிக்குள் வகிட்டோரம் சுருள் எட்டிப் பார்த்துவிட்டது. ரசாயனமும் சூடும் சேர்ந்தே நிமிர்த்த முடியாத வேரைக் கோயில் பிளேடு நிமிர்த்திவிட்டது என்று இப்போது என்னை நம்பச் சொல்கிறார்கள். மடியில் கிடக்கிற வரைக்கும்தான் சுருட்டை அழகு. பாவாடை சட்டை போட்டு நடக்க ஆரம்பித்தால் அதுவே பரட்டை.

மூணாம் வயசு மொட்டைக்குப் பழனி என்று இப்போதே பேச்சு நடக்கிறது. முருகனுக்கு முடி கொடுப்பதில் எனக்கு ஒரு மனத்தாங்கலும் இல்லை. வேண்டுதல் வேண்டுதல்தான். அறநிலையத் துறைக் கோயில்களில் 2021-லிருந்து அதற்குக் கட்டணம்கூடக் கிடையாது. ஆனால் வேனில் ஏறுகிற ஒவ்வொருத்தரும் எனக்கு ஒரு வாக்குக் கொடுக்கணும். முடி இறங்கி ஒரு வருஷம் ஆகிற வரைக்கும் என் மகள் தலையைத் தடவிப் பார்த்து என்னிடம் கணக்குக் கேட்கக் கூடாது. கேட்காமல் இருக்க முடியாதென்றால் அவள் பக்கத்திலேயே உட்காருங்கள், பெரியம்மா. உங்களுக்கும் சேர்த்தே ஒரு மொட்டை போட்டுவிடுவோம். கோரைமுடி சுருட்டையாக வருகிறதா என்று வீட்டுக் கண்ணாடியில் நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.