விஞ்ஞானத் தலையெழுத்து

மனிதன் பிறக்கும்போதே பிர்மா தலையில் எழுதிவிட்டான் என்று புரோகிதன் சொன்னதை நாம் நம்புவதில்லை. இப்போது அந்த எழுத்து உடம்பிலுள்ள ஜீன்களில் இருப்பதாகவும், அதைப் படிக்கலாம், திருத்தவும் செய்யலாம் என்றும் விஞ்ஞானிகள் சொல்லுகிறார்கள். விஞ்ஞானம் என்றவுடனே வாய்பொத்திக் கும்பிடுவதானால், புரோகிதனைக் கும்பிடுகிறவனுக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்?

நாம் விஞ்ஞானத்துக்கு விரோதிகளல்ல. அரிவாள் செல் சோகை என்னும் ரத்த நோய்க்கு ஜீனைத் திருத்திச் செய்யும் சிகிச்சை 2023-ல் அனுமதிக்கப்பட்டது கேட்டு மகிழ்ச்சியே அடைகிறோம். ஆனால் அமெரிக்காவில் அதற்கு வைத்த விலை 22 லட்சம் டாலர்! அந்நாட்டில் அந்நோய் பெரிதும் வாட்டுவதோ கறுப்பு மக்களை.

நிற்க, பிறவியைக்கொண்டு மனிதனைத் தரம் பிரிக்கும் காரியத்தை விஞ்ஞானத்தின் பேரால் முன்பு எப்படிச் செய்தார்கள் என்று பாருங்கள். மந்த புத்தி பரம்பரையாக வருகிறதென்று சொல்லி, அப்படிப்பட்டவர்களை மலடாக்க 1924-ல் அமெரிக்காவில் வர்ஜீனியா ராஜ்யத்தார் சட்டம் செய்தார்கள். அதில் முதலில் அகப்பட்டவள் காரி பக் என்னும் ஏழைப் பெண். வளர்த்த வீட்டாரின் உறவினன் ஒருவன் பலாத்காரம் செய்ததாலேயே கர்ப்பமானதாக அவள் சொன்னாள். அவன் வெளியே திரிந்தான். அவளை விடுதியில் அடைத்தார்கள். அவளது தாய் அங்கே முன்பே அடைபட்டுக் கிடந்தாள். கைக்குழந்தையைப் பார்த்து, இதுவும் மந்தம் என்றார்கள். 1927-ல் சுப்ரீம் கோர்ட்டு ஜட்ஜுகள் 9 பேரில் 8 பேர், இத்தகைய தலைமுறை மூன்று போதும் என்ற அபிப்பிராயத்துடன் சட்டத்தை ஆமோதித்தார்கள். அவ்வருஷமே ஆப்பரேஷனும் நடந்தது. மந்தமென்று சொல்லப்பட்ட அந்தக் குழந்தையோ பள்ளிக்கூடத்தில் நன்றாகப் படிப்பவள் என்று பேரெடுத்து, 8 வயதில் நோயால் மாண்டது. இந்தப் படித்த கனவான்கள் எந்தக் கிளி ஜோசியனைவிட மேலான யோக்கியதை உடையவர்கள் என்று கேட்கிறோம்.

அமெரிக்காவில் இப்படி மலடாக்கப்பட்டோர் 60 ஆயிரத்துக்கு மேல். 1933-ல் ஹிட்லர் செய்த சட்டத்தால் ஜெர்மனியில் சுமார் 4 லட்சம் பேர்.

அதெல்லாம் பழங்கதை என்பீர்கள். 2018-ல் சீனாவில் ஹே ஜியான்குய் என்பவர், எய்ட்ஸ் கிருமி தொற்றாதிருக்கக் கருவிலேயே ஜீனைத் திருத்தி இரட்டைப் பெண் குழந்தைகளைப் பிறப்பித்ததாக அறிவித்தார். மறு வருஷம் அவருக்கு 3 வருஷ ஜெயில் விதித்தார்கள். ஜெயில் விதித்து என்ன? அந்தக் குழந்தைகளைப் பழையபடி ஆக்க முடியுமா?

நிறமும் உயரமும் புத்தியும் பல ஜீன்கள் சேர்ந்தும், தின்னும் சோறும் வளரும் இடமும் சேர்ந்தும் ஆவதால், அவற்றைக் கடைச்சரக்குபோல் இன்று வாங்க முடியாது என்பது வாஸ்தவம். ஆனால் முடியுமென்று ஜனங்களை நம்பச் செய்தாலே போதுமே! ஜாதி உயர்வுக்கு மட்டும் என்ன ருஜு இருந்தது? நாளைக்குப் பணக்காரன் பிள்ளை பூணூலுக்குப் பதில் டாக்டர் சர்டிபிகேட்டை மாட்டிக்கொண்டு வந்தால், அதையும் கண்டு நம்மவர் ஒதுங்கி நிற்பதா?

ஜீனைக் காரணங்காட்டி முதலாளி வேலை மறுப்பதையும், வைத்திய இன்ஷியூரன்ஸ்காரர் பணம் ஏற்றுவதையும் தடுக்க அமெரிக்காவில் 2008-ல் சட்டம் வந்தது நல்லதே. ஆனால் ஆயுள் இன்ஷியூரன்ஸ் கம்பெனிக்காரனை அந்தச் சட்டம் தொடவில்லை.