ஏசி வெடிக்குமான்னு கேட்காதீங்க, தண்ணி எங்க போகுதுன்னு கேளுங்க

நீளமான த்ரெட். வீட்டுல ஏசி இருக்கிறவங்க படிங்க. புதுசா வீடு கட்டிக்கிட்டு இருக்கிறவங்க கட்டாயம் படிங்க. கொஞ்சம் கோவமாத்தான் எழுதுறேன்.

நான் நெல்லித்தோப்புல கிளினிக் வெச்சிருக்கிற சாதாரண பொது மருத்துவர். பங்குனி வெயில் ஆரம்பிச்சா தினமும் ஒருத்தராவது கேட்டுடுவாங்க: "டாக்டர், ஏசி வெடிக்குமாமே? ராத்திரி முழுக்க போடலாமா?"

இந்த பயம் எங்கேர்ந்து வந்துச்சுன்னு எனக்குத் தெரியும். 2019 மே மாசம் திண்டிவனத்துல ஒரு வீட்டுல அப்பா, அம்மா, மகன்னு மூணு பேர் கருகி செத்துப் போனாங்க. 'ஏசி வெடிச்சு மூணு பேர் பலி'ன்னு எல்லா சேனல்லயும் ஓடுச்சு. இங்கேர்ந்து ஒரு மணி நேர பஸ் தூரம். அந்த வாரம் என் கிளினிக்ல பாதிப் பேர் ஏசி பத்தித்தான் பேசினாங்க. சில நாள்ல போலீஸ் சொன்னது வேற கதை. அது திட்டம் போட்டு தீ வெச்ச கொலைன்னு வழக்கு மாறி, சொந்தக் குடும்பத்து ஆளே கைதானார். ஆனா 'ஏசி வெடிச்சுது'ங்கிறது மட்டும் இன்னைக்கு வரைக்கும் வாட்ஸப்ல சுத்துது. திருத்தம் சுத்தல.

ஏசில ஆபத்தே இல்லன்னு சொல்ல வரல. நாம பயப்படுற இடம் தப்பு. பெட்டியைப் பார்த்து பயப்படுறோம், பெட்டிலேர்ந்து போற பைப்பைப் பார்க்கவே மாட்டேங்குறோம்.

இந்த ஜனவரில நடந்ததைச் சொல்றேன். கிளினிக்லேர்ந்து நடந்து போற தூரத்துல ஒரு குடும்பம். பாட்டி, மருமகள், ஒன்பது வயசுப் பேத்தி. பொங்கல் முடிஞ்ச கையோட ஒருத்தர் பின்னாடி ஒருத்தரா வந்தாங்க. பாட்டிக்கு காலையில குமட்டல். மருமகளுக்கு தலைவலி. பேத்திக்கு கண் எரிச்சல், ஸ்கூல் போனா சரியாயிடுது.

நான் என்ன பண்ணேன்? பாட்டிக்கு கேஸ் மாத்திரை. மருமகளுக்கு மைக்ரேன் மாத்திரை. குழந்தைக்கு கண்ணுக்கு சொட்டு மருந்து. ஒரே வீட்டு மூணு பேரை மூணு வியாதியா பார்த்து மூணு வாரம் ஓட்டினேன். மருத்துவக் கல்லூரில முதல் வருஷப் பையன்கூட கேட்டிருப்பான், "ஒரே வீட்டுல எல்லாருக்குமா?"ன்னு. நான் கேட்கல. இதை ஒளிக்க விரும்பல.

கடைசியில குழந்தைதான் சொல்லிச்சு: "அங்கிள், ஏசி போட்டா முட்டை நாத்தம் வரும்." அவங்க அம்மா உடனே, "சும்மா இருடி, புது ஏசிங்க டாக்டர், சென்ட்ரல் ஏசி"ன்னாங்க.

நெல்லித்தோப்புல சென்ட்ரல் ஏசியான்னு சிரிக்காதீங்க. மார்க்கெட் பக்கத்து சந்துலகூட பழைய ஓட்டு வீட்டை இடிச்சு மூணு மாடி எழும்புது, அதுல சிலர் இதைத்தான் போடுறாங்க. ஆஸ்பத்திரி, ஓட்டல்ல இருக்கிற பெரிய பிளான்ட் இல்ல. ஃபால்ஸ் சீலிங்குக்குள்ள ஒரே ஒரு மெஷின். அதுலேர்ந்து டக்ட் வழியா ஹாலுக்கும் ரெண்டு ரூமுக்கும் குளிர்ந்த காத்து. சுவத்துல பெட்டி தெரியாது, அழகா இருக்கும். அழகுதான் இங்க பிரச்சனை.

அன்னைக்கு சாயங்காலம் அவங்க வீட்டுக்குப் போனேன். மெஷின் எங்கன்னு கேட்டேன். பாத்ரூம் வாசலுக்கு மேல சீலிங்கைக் காட்டினாங்க. திறக்கிற கதவு எங்க? இல்ல. இன்டீரியர் பண்ணவர் 'பார்க்க நல்லா இருக்காது'ன்னு மூடிட்டாராம். ஒன்றரை வருஷமா ஓடுற மெஷினை ஒருத்தரும் கண்ணால பார்க்கல. "அப்போ சர்வீஸ்?" ரிட்டர்ன் கிரில்ல இருக்கிற ஃபில்டரை மட்டும் கழட்டித் தட்டிட்டுப் போவாங்களாம். அதுக்கு வருஷக் கான்ட்ராக்ட் வேற.

"தண்ணி எங்க போகுது?"ன்னு கேட்டதுக்கு யாருக்கும் பதில் தெரியல. மேஸ்திரிக்கு போன் போட்டோம். "பாத்ரூம் லைன்ல கொடுத்துட்டோம் சார்." அந்த லைன் நேரா பாதாள சாக்கடைக்குப் போற லைன். நடுவுல ட்ராப் இருக்கான்னு கேட்டேன். "ஏசி தண்ணி சுத்தமான தண்ணிதானே சார், அதுக்கு எதுக்கு ட்ராப்?"

போற தண்ணி சுத்தம்தான். வர்ற காத்து?

உங்க வாஷ்பேசின் அடியில 'யூ' மாதிரி ஒரு வளைவு இருக்கு பாருங்க. அதுல எப்பவும் கொஞ்சம் தண்ணி நிக்கும். அந்தத் தண்ணிதான் சாக்கடைக் காத்துக்கும் உங்க மூக்குக்கும் நடுவுல இருக்கிற கதவு. ஏசி டிரெயின் பைப்பை சாக்கடை லைன்ல வளைவு இல்லாம சொருகினா அந்தக் கதவே கிடையாது. இன்னொண்ணு: ஏசிக்குள்ள தண்ணி சேர்ற தட்டு, ஃபேன் காத்தை உறிஞ்சுற பக்கம் இருக்கு. அதாவது ஃபேன் ஓடுறப்போ அந்த பைப் வழியாவும் காத்தை உள்ள இழுக்கும். சாக்கடைக் காத்து தானா ஏறி வரணும்னுகூட இல்ல, மெஷினே இழுத்து டக்ட் வழியா எல்லா ரூமுக்கும் பங்கு போடும்.

ட்ராப் வெச்சிருந்தாலும் நிம்மதியா உட்கார முடியாது. கார்த்திகை, மார்கழில நாம ஏசியே போட மாட்டோம். தண்ணி சொட்டலன்னா வளைவுல இருக்கிறது காஞ்சு போயிடும். பொங்கலுக்கு விருந்தாளி வந்தாங்கன்னு திடீர்னு போடுறப்போ கதவு திறந்து கிடக்கும். அதனால ஏசி டிரெயினை சாக்கடை லைன்ல நேரா சேர்க்கவே கூடாது. மொட்டை மாடி மழைத்தண்ணி பைப்போ, தோட்டமோ, வெளியில ஒரு வாளியோ, எங்கயாவது திறந்த வெளியில விடுங்க. நம்ம ஊர் ஈரப்பதத்துக்கு ஒரு ராத்திரில வாளி வாளியா தண்ணி வரும். கறிவேப்பிலைச் செடி சந்தோஷப்படும்.

சாக்கடைக் காத்துன்னா வெறும் நாத்தம்தானேன்னு நினைக்கிற புதுச்சேரிக்காரங்க யாராவது இருக்கீங்களா? 2024 ஜூன் 11 மறந்து போச்சா?

ரெட்டியார்பாளையம் புதுநகர். இங்கேர்ந்து விழுப்புரம் ரோட்டுல பத்து நிமிஷம். காலையில வீட்டுக் கழிவறைக்குப் போன ஒரு மூதாட்டி மயங்கி விழுந்தாங்க. தூக்கப் போன மகளும் விழுந்தாங்க. இன்னொரு வீட்டுல பதினஞ்சு வயசுப் பொண்ணு. மூணு பேரும் போயிட்டாங்க. பாதாள சாக்கடை விஷவாயு கழிவறை வழியா வீட்டுக்குள்ள ஏறியிருந்துச்சு. ஏசி பைப் வழியா அப்படி ஒரு சாவு நடந்துச்சுன்னு நான் சொல்லல. அங்க வழி வேற. ஆனா நம்ம தெருவுக்குக் கீழ ஓடுறதும் அதே வாயுதான், அதுக்கு நாமளே காசு கொடுத்து இன்னொரு வழி போட்டுத் தர்றோம்.

அந்த வாயுல முக்கியமானது ஹைட்ரஜன் சல்பைடு. கொஞ்சமா இருந்தா முட்டை நாத்தம், கண் எரிச்சல், தலைவலி, குமட்டல். அளவு ஏறினா வாசனை தெரியிற நரம்பையே மரத்துப் போக வெச்சுடும். 'நாத்தம் போயிடுச்சு, சரியாயிடுச்சு'ன்னு நினைப்பீங்க, அப்போதான் ஆபத்து அதிகம். இன்னும் ஏறினா சில மூச்சுலயே ஆள் விழுந்துடுவாங்க. தூக்கப் போறவங்களும் விழுவாங்க. பாத்ரூம்ல யாராவது அப்படி விழுந்தா மூச்சைப் பிடிச்சுக்கிட்டு ஓடாதீங்க. வெளியில இருந்தே கதவு, ஜன்னலைத் திறங்க, 108-க்கும் 112-க்கும் போன் போடுங்க. சொல்றது சுலபம், பெத்த தாய் விழுந்து கிடந்தா யாருக்கும் கால் நிக்காதுன்னு எனக்கும் தெரியும். அதனாலதான் அதுக்கு முன்னாடியே பைப்பைப் பாருங்கன்னு கத்துறேன்.

இப்போ என் கோவத்துக்கு வர்றேன். அந்த வீட்டுக்காரர் ஏசி போட்டுக் கொடுத்தவங்களைக் கேட்டார். "டிரெயின் சிவில் வேலை சார், நாங்க பைப்பை இறக்கிக் கொடுப்போம், அவ்வளவுதான்." பிளம்பர் சொன்னார், "அது ஏசி வேலை." இன்டீரியர் சொன்னார், "கதவு வேணும்னு யாருமே கேட்கலயே." மூணு பேரும் பில் போட்டிருக்காங்க. பைப்பும் பைப்பும் சேர்ற அந்த ஒரு ஜாயின்ட் மட்டும் யாரோட பில்லுலயும் இல்ல. லட்சக்கணக்குல செலவு பண்ணி ஒரு மெஷின் வாங்குறோம், அதோட பொறுப்பு ஒருத்தர் கையிலயும் இல்ல. பிளான் அப்ரூவல் கொடுக்கிறவங்களும் இதைக் கேட்கிறதா எனக்குத் தெரியல, கேட்கணும்.

ஆனா வீட்டுக்காரங்க நாம மட்டும் யோக்கியமா? கிரானைட் கலரைப் பார்க்க நாலு கடை ஏறி இறங்கினோம். தண்ணி எங்க போகுதுன்னு ஒரு தடவை கேட்டோமா?

கேஸ் கதைக்கு வாங்க. 'வருஷா வருஷம் கேஸ் போடணும் சார்'னு சொல்றாங்களே, அது கார் பெட்ரோல் மாதிரி தீர்ந்து போற பொருள் இல்ல. மூடின குழாய்க்குள்ள அதே கேஸ்தான் சுத்திக்கிட்டே இருக்கும். குறைஞ்சா எங்கயோ ஓட்டைன்னு அர்த்தம். ஓட்டையைக் கண்டுபிடிக்காம கேஸ் மட்டும் ஏத்துறது, ரத்தம் கொட்டுறவருக்கு காயத்தைக் கட்டாம பாட்டில் பாட்டிலா ரத்தம் ஏத்துற வைத்தியம். இப்போ நிறைய மெஷின்ல வர்ற ஆர்-32 லேசா தீப்பிடிக்கக் கூடியது. ஆர்-290 கிட்டத்தட்ட அடுப்பு சிலிண்டர் கேஸ் மாதிரி, நல்லாவே பிடிக்கும். அதனால கசிவு இருக்கிற அறையில பத்த வெச்சு வேலை பார்க்கிறது கூடாது. லீக் டெஸ்டுக்கு நைட்ரஜன்தான் ஏத்தணும். நைட்ரஜன் சிலிண்டர் இல்லன்னு ஆக்சிஜனை ஏத்தினா கம்ப்ரஸர் ஆயிலோட சேர்ந்து வெடிக்கும். ஏசி வெடிக்குமான்னு கேட்டீங்களே, உண்மையா வெடிக்கிற வழில இது ஒண்ணு. அப்போ முன்னாடி நிக்கிறது நீங்க இல்ல, மெக்கானிக் பையன்.

அந்தப் பையனைப் பத்தி ஒரு வார்த்தை. மூணாவது மாடி சன்ஷேடுல பெல்ட்கூட இல்லாம நின்னு அவுட்டோர் யூனிட்டைக் கழுவுறான். நீங்க உள்ள ஜன்னல் வழியா 'சீக்கிரம் முடிப்பா'ங்கிறீங்க. விழுந்து இடுப்பெலும்பு உடைஞ்ச ஒரு பையனை நான் பார்த்திருக்கேன், வயசு இருபதுதான். அவுட்டோர் யூனிட்டை மாடியில தரையில வெச்சா என்ன? ரெண்டு மீட்டர் காப்பர் அதிகமாகும், அவ்வளவுதான். கடல் காத்துக்கு நம்ம ஊர்ல இரும்பு ஸ்டாண்ட் எவ்வளவு சீக்கிரம் துரு ஏறும்னு உங்களுக்கே தெரியும். 2024 ஆகஸ்ட்ல டெல்லி கரோல்பாக்ல மேலேர்ந்து அவுட்டோர் யூனிட் விழுந்து கீழ ஸ்கூட்டர்ல உட்கார்ந்திருந்த பதினெட்டு வயசுப் பையன் செத்தான். அந்த வீடியோவை எல்லாரும் பார்த்தீங்க. உங்க வீட்டு ஸ்டாண்டைப் பார்த்தீங்களா?

'ஏசி நிமோனியா' ஃபார்வர்டு அனுப்புறவங்களுக்கு: 1976-ல அமெரிக்காவுல பிலடெல்பியா ஓட்டல்ல மாநாட்டுக்கு வந்தவங்க கொத்துக் கொத்தா நிமோனியால செத்தாங்க, அதுலேர்ந்துதான் லீஜனேர் நோய்னு பேரு வந்துச்சு. உண்மை. ஆனா அந்தக் கிருமி பெருகுறது பெரிய கட்டடங்களோட கூலிங் டவர் தண்ணில. உங்க வீட்டு ஏசில கூலிங் டவர் கிடையாது. உங்க ஏசில இருக்கிறது அழுக்கும் பூஞ்சையும். ஆஸ்துமா உள்ள குழந்தைக்கு அதுவே போதும். ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா ஃபில்டரை நீங்களே கழுவி, நல்லா காய வெச்சு மாட்டுங்க. உள்ள காயிலையும் தண்ணித் தட்டையும் வருஷத்துக்கு ரெண்டு தடவையாவது திறந்து கழுவணும். திறக்கணும்னா சீலிங்ல கதவு வேணும்.

கரண்ட் விஷயம் சுருக்கமா. ஏசிக்கு தனி லைன், தனி எம்சிபி, உண்மையான எர்த், வீட்டுக்கு ஒரு ஆர்சிசிபி. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல ஏசி சொருகினவங்க இப்போவே எழுந்து போய்க் கழட்டுங்க, த்ரெட் இங்கயேதான் இருக்கும். 2024 நவம்பர் 30 ஃபெங்கல் புயல்ல ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் எல்லாம் முழுகுச்சே, அப்படி முழுகின அவுட்டோர் யூனிட்டை 'காஞ்சுடுச்சு'ன்னு நீங்களா ஆன் பண்ணாதீங்க. புயலுக்குக் கரண்ட் போனா ஜெனரேட்டரை போர்டிகோல, மாடிப்படி அடியில வைக்காதீங்க. அதுலேர்ந்து வர்ற கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே இல்ல, தூக்கத்துலயே முடிஞ்சுடும்.

"டாக்டர், நீங்க மருந்தைப் பத்தி எழுதுங்க, பிளம்பிங் எதுக்கு?"ன்னு ஒருத்தர் கேட்பார். மூணு வாரம் மருந்துதான் கொடுத்தேன். குணமாச்சா?

அந்த வீட்டுல சீலிங்கை ரெண்டடிக்கு ரெண்டடி வெட்டி கதவு வெச்சாங்க. தட்டுல விரல் கனத்துக்கு பாசி. பைப்பை பாத்ரூம் லைன்லேர்ந்து பிரிச்சு பின்பக்கம் தோட்டத்துக்கு விட்டாங்க, அந்த ஓட்டையை எண்ட் கேப் போட்டு அடைச்சாங்க. மொத்தமே ஒரு நாள் வேலை. வாயுவை அளக்கிற கருவி என்கிட்ட இல்ல, அதனால நிரூபிச்சேன்னு மார்தட்ட மாட்டேன். நாலாவது நாள் பாட்டி வந்தாங்க, பிரஷர் பார்க்க. குமட்டல் மாத்திரையை அவங்களே நிறுத்திட்டாங்களாம். மருமகள் மட்டும் இன்னும் வருத்தமா இருக்காங்க, சீலிங்ல அந்தக் கதவு அசிங்கமா தெரியுதாம்.

வாடகை வீடா? பைப்பை நீங்க மாத்த முடியாது, ஆனா கண்டுபிடிக்கலாம், வீட்டு ஓனருக்கு எழுதிக் கொடுக்கலாம். இன்னைக்கு ராத்திரி ஏசி போட்டுட்டு கால் மணி நேரம் கழிச்சு, வீட்டைச் சுத்தி எங்க தண்ணி சொட்டுதுன்னு பாருங்க. எங்கயுமே சொட்டலன்னா அது எங்கயோ உள்ளதான் போகுது, இல்ல அடைச்சுக்கிட்டு நிக்குது. எங்க போகுதுன்னு கண்டுபிடிச்சவங்க கமென்ட்ல எழுதுங்க, ஒவ்வொண்ணா பதில் போடுறேன். ராத்திரி ஒன்பது மணிக்கு கிளினிக் மூடினதுக்கு அப்புறம்.