கடற்காற்று பிந்தும் பகல்கள்

2018ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் தேதி, தேனி மாவட்டத்துக் குரங்கணி மலைச்சரிவில், காய்ந்த புல்லைப் பற்றிக் காற்றின் வேகத்தோடு ஏறிவந்த தீயில் சிக்கி, சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர்ப் பகுதிகளிலிருந்தும் மலையேறச் சென்றவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டபோது, அநுமதி பெற்றவர் யார், அளித்தவர் யார் என்ற விவாதமே நெடுநாள் நடந்தது. அந்தப் பகல் நெருப்புக்கு உகந்த பகல் என்பதை முதல் நாளே ஊரறியச் சொல்லியிருக்கலாமே என்ற கேள்வி அதற்குரிய கவனத்தைப் பெறவில்லை என்பது என் மனக்குறை.

சொல்லும் வழி உண்டு. நண்பகலின் உஷ்ணம், ஈரப்பதம், காற்றின் வேகம், முந்திய 24 மணி நேரத்து மழை ஆகிய நான்கையும் கொண்டு, மேலே கிடக்கும் சருகு முதல் அடியில் மக்கிய அடுக்கு வரை எவ்வளவு ஈரம் எஞ்சியிருக்கிறதென்று கனடா தேசத்தார் நாள்தோறும் கணக்கிடுகிறார்கள். அமெரிக்க வனத்துறையைச் சார்ந்த ஆராய்ச்சியாளர்கள் 2018இல் வெளியிட்ட முறை இன்னும் சுருக்கமானது: தரையை அடுத்த காற்றின் வறட்சியை அதன் வேகத்தால் பெருக்கினால் வரும் எண்ணே அன்றைய அபாயத்தின் அளவு. ஈரப்பத விகிதத்தை மட்டும் பார்த்து வறட்சியை அளந்துவிட இயலாது. விகிதம் 40 சதவீதமாகவே நின்றாலும், வெப்பம் 30 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்கு ஏறுகையில், காற்று மேலும் ஏற்கக்கூடிய நீராவியின் அழுத்தம் ஏறத்தாழ 25 மில்லிபாரிலிருந்து 44 மில்லிபாராகிவிடுகிறது. புல்லிலும் சருகிலும் உள்ள ஈரம் அந்த வேகத்தில் பறிபோகிறது.

சென்னையை அடுத்த தாம்பரம் வட்டாரத்தில் இந்தக் கணக்கை ஆட்டிவைப்பது கடற்காற்றே. சித்திரை, வைகாசி மாதங்களில், கரையிலிருந்து புறப்படும் அக்காற்று மீனம்பாக்கத்தைக் கடந்து தாம்பரத்தையும் வண்டலூரையும் எட்டும் வரையில், உள்நாட்டின் அனலைச் சுமந்த மேல்காற்று உஷ்ணத்தை ஏற்றிக்கொண்டே போகிறது. மேல்காற்று பலத்த நாட்களில் கடற்காற்று பிற்பகல் வெகுநேரம் பிந்தி வரும், சில நாள் வராமலே போகும். வந்தபின் அபாயம் தீர்ந்தது என்று நிம்மதி கொள்வதற்கும் இல்லை. ஈரத்தைக் கொண்டுவரும் அக்காற்றே திசையையும் திருப்பிவிடுவதால், தீக்குப் பின்புறம் பத்திரமாக நின்று பச்சைத் தழையால் அடித்து அணைத்துக்கொண்டிருந்தவர், நின்ற இடத்திலேயே அதன் முகப்புக்கு எதிரில் அகப்பட்டுக்கொள்வார்.

டேராடூனில் உள்ள இந்திய வன அளவாய்வு நிறுவனம் 2004 முதல் செயற்கைக்கோள் வழியே தீ எச்சரிக்கை அனுப்பிவருகிறது. அபாயம் மிகுந்த இடங்களுக்கு முன்னறிவிப்பும் தருகிறது. போற்றத்தக்க பணி. ஆயினும் அந்தச் செயற்கைக்கோள் படத்தின் ஒரு கட்டம் 375 மீட்டர். ஏறத்தாழ 320 ஹெக்டேர் பரப்புள்ள நன்மங்கலம் காப்புக்காடு அதில் இருபத்துச் சொச்சம் கட்டங்களுக்குள் அடங்கிவிடுகிறது. கல் குவாரிப் பள்ளமும் கொம்பன் ஆந்தையும் உள்ள அந்தப் புதர்க்காட்டை மேடவாக்கத்தின் வீடுகள் நெருங்கி நிற்க, வண்டலூரிலோ காட்டுக்கும் உயிரியல் பூங்காவுக்கும் அருகே ஜி.எஸ்.டி. சாலை இரவும் பகலும் ஓடுகிறது. தீ நம் நாட்டில் பெரும்பாலும் மனிதர் கையிலிருந்தே பிறக்கிறது. வேலியோரத்தில் கொளுத்திய குப்பை போதும்.

குப்பை என்றதும் பெருங்குடி நினைவுக்கு வராமல் இராது. 2022 ஏப்ரல் இறுதியில் அங்குள்ள கிடங்கு பற்றி நாட்கணக்கில் எரிந்து, சுற்றுப்புறத்தாரை மூச்சுத் திணற வைத்தது. மக்கும் குப்பையில் ஊறும் மீத்தேன் வாயுவுக்கும் இத்தகைய தீயில் பங்குண்டு என்பதால் பழி முழுவதையும் வானிலைமேல் சுமத்த இயலாது. ஆனால் பற்றியதை வளர்ப்பதும், புகை எந்தத் தெருவுக்குள் புகும் என்பதை நிர்ணயிப்பதும் காற்றுதான்.

மீனம்பாக்கத்து வானிலை நிலையத்தில் உஷ்ணமும் ஈரப்பதமும் காற்றும் நாள் தவறாமல் பதிவாகின்றன. பெருக்கிப் பார்க்கும் வேலையே பாக்கி. கடற்காற்று இன்று எத்தனை மணிக்குத் தாம்பரத்தை எட்டும், அதுவரை நெருப்பின் அபாயம் எவ்வளவு என்று மாசி முதல் ஆனி வரை காலை அறிக்கையில் ஒரு வரி சேரட்டும். அபாயம் மிகுந்த நாளில் காட்டோரம் குப்பை கொளுத்துவதை மாநகராட்சி அன்று ஒரு பகலுக்காவது கண்டிப்பாகத் தடுக்கட்டும். வனத்துறையும் உச்சிவேளை தொடங்கி, கடற்காற்று வந்து திசை நிலைக்கும் வரையில், வண்டலூரிலும் நன்மங்கலத்திலும் காவலர்களை நிறுத்திவைக்கட்டும்.