முதலில் நகல், பிறகுதான் பழுது



மடிக்கணினி திறக்கவில்லை என்று கொண்டுபோனால், பல கடைகளில் முதல் வார்த்தையே "பார்மட் போட்டுடலாம் சார்" என்பதுதான். உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு கேள்வி கிடையாது. சாவி தொலைந்ததற்கு வீட்டையே இடிப்பதா?

விண்டோஸ் படுத்துவிட்டால் கோப்புகளும் அழிந்தன என்று அர்த்தமில்லை. பெரும்பாலும் அவை டிஸ்கில் அப்படியே இருக்கும். வேறொரு கணினியில், 16 ஜிபி பென்டிரைவில் உபுண்டுவை ஏற்றுங்கள், இலவசம்தான். பழுதான கணினியில் அதைச் செருகி, இன்ஸ்டால் செய்யாமல் 'ட்ரை உபுண்டு' கொடுத்தால், படங்களையும் ஆவணங்களையும் வெளி ஹார்ட் டிஸ்கில் நகலெடுக்கலாம். பிட்லாக்கர் பூட்டு இருந்தால் 48 இலக்க மீட்புச் சாவி வேண்டும். உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் தேடுங்கள். டிஸ்கில் 'டக் டக்' சத்தம் கேட்டால் உடனே அணையுங்கள். அது தரவு மீட்பு வல்லுநரின் வேலை.

"பேக்கப் எடுக்காதது உங்கள் தப்பு" என்பார்கள். எடுத்திருக்க வேண்டும்தான். அதற்காக, இருப்பதைக் கேட்காமல் அழிக்க இவர்களுக்கு யார் உரிமை கொடுத்தது? மிச்சமாவது அவர்கள் நேரம். போவது பேரப்பிள்ளையின் முதல் பிறந்தநாள் படம்!

கணினியைக் கொடுக்கும்போதே, "என்னைக் கேட்காமல் எதையும் அழிக்கக் கூடாது" என்று ரசீதில் எழுதி வாங்குங்கள். மறுத்தால் அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள்.