அயலார் ஆலயம்

ஒரு நகரைக் காணச் செல்வோர் அதன் கடற்கரையையும் கடைவீதியையும் கண்டு திரும்புவது வழக்கம். ஆனால், அந்நகர மக்கள் எவற்றைப் புனிதம் எனப் போற்றுகின்றனர் என்பதை அறியாதவர், அந்நகரை அறிந்தவர் ஆகார். பிற சமயத்தாரின் வழிபாட்டிடங்களுக்கு ஒரு நாளேனும் சென்று வருவது இளைஞர் பெற வேண்டிய கல்வியின் ஒரு பகுதி. அக்கல்விக்கு ஏற்ற இடம் புதுச்சேரி.

ஆறுகளுக்கு இடையே

சங்கராபரணி ஆறு கடலை நெருங்குகையில் இரண்டாகப் பிரிகிறது. வடகிளை அரியாங்குப்பம் ஆறு, தென்கிளை சுண்ணாம்பாறு. இவற்றிற்கு இடைப்பட்ட நிலத்தில், கடலூர்ச் சாலையில் அமைந்துள்ள ஊர் நோணாங்குப்பம். இங்குள்ள படகுக் குழாமை நாடிப் பலர் வருகின்றனர். இவ்வூரைச் சூழ்ந்து பல சமயங்களின் சுவடுகள் இருப்பதை அவர்களுள் எத்தனை பேர் அறிவர்?

அருகிலுள்ள அரிக்கமேட்டில் 1945ஆம் ஆண்டு மார்ட்டிமர் வீலர் நடத்திய அகழாய்வு, உரோமானியரோடு தமிழர் நடத்திய வாணிகத்தை உலகிற்கு உணர்த்தியது. அதற்கு நெடுங்காலம் முன்பே, 1769ஆம் ஆண்டு வெள்ளிக்கோள் கதிரவனைக் கடக்கும் காட்சியை ஆராயப் புதுச்சேரிக்கு வந்திருந்த பிரெஞ்சு வானியலாளர் லெ ழான்டி, வீராம்பட்டினத்தை அடுத்த வெளியில் கைவிடப்பட்டுக் கிடந்த ஒரு சிலையைக் கண்டு, அதனைப் புத்தர் உருவம் எனக் குறித்தார். வழிபட்டோர் மறைந்த பின்னும் வழிபாட்டின் தடம் மண்ணில் எஞ்சியிருந்தது.

அரியாங்குப்பத்தில் ஆரோக்கிய அன்னையின் தேவாலயம் உள்ளது. வீராம்பட்டினத்தில் செங்கழுநீர் அம்மன் கோவில் கொண்டுள்ளாள். அம்மனின் ஆடித்தேரைப் பிரெஞ்சு ஆளுநர் வடம்பிடித்துத் தொடங்கி வைப்பது அக்கால மரபு. இன்று துணைநிலை ஆளுநர் அவ்வாறு செய்கிறார். ஆள்வோர் மாறினர்; மீனவ மக்களின் தெய்வத்திற்கு ஆட்சி தரும் மதிப்பு மாறவில்லை.

இடிந்ததும் எழுந்ததும்

நோணாங்குப்பத்திலிருந்து வடக்கே சென்றால் புதுச்சேரி நகரின் நடுப்பகுதியை அடையலாம். அங்கு மிஷன் வீதியில் சென்மராக்கினி அன்னை பேராலயம் நிற்கிறது. ஈசுவரன் கோவில் வீதியில் வேதபுரீசுவரர் ஆலயம் உள்ளது. இவ்விரண்டையும் ஒரே நாளில் கண்டு வணங்கித் திரும்புவோர், இவற்றிற்கு இடையே ஒரு துயர வரலாறு இருப்பதையும் அறிதல் வேண்டும்.

பழைய வேதபுரீசுவரர் கோவில், இயேசு சபையாரின் தேவாலயத்தை ஒட்டி இருந்தது. 1748ஆம் ஆண்டு, ஆங்கிலேயரின் முற்றுகைக்கு நகரம் உள்ளாகியிருந்த வேளையில், ஆளுநர் துய்ப்ளேயின் ஆட்சியில் அக்கோவில் இடிக்கப்பட்டது. துய்ப்ளேயிடம் பணியாற்றிய ஆனந்தரங்கர் அந்நிகழ்வைத் தம் நாட்குறிப்பில் வேதனையோடு பதிவு செய்தார். பதின்மூன்று ஆண்டுகள் சென்றன. 1761இல் நகரைக் கைப்பற்றிய ஆங்கிலேயர் அதனைத் தரைமட்டமாக்கினர், அத்தேவாலயமும் அழிந்தது. அழித்தவரும் கிறித்தவர், இழந்தவரும் கிறித்தவர். பின்னர் 1791இல் இன்றைய பேராலயம் கட்டி முடிக்கப்பட்டது. வேதபுரீசுவரர் ஆலயமும் வேறிடத்தில் மீண்டும் எழுந்தது.

இத்தகைய பழங்காயங்களை மாணவருக்கு நினைவூட்டுவது நல்லிணக்கத்திற்கு ஊறாகாதா எனச் சிலர் வினவலாம். மறைக்கப்படும் வரலாறு மறைந்துவிடுவதில்லை. அது வதந்தியாக உருமாறிப் பகைமை வளர்ப்போரின் கைக்கருவி ஆகிறது. 1748ஐ மட்டும் உரைப்பவர் சினத்தை வளர்ப்பார். ஒற்றுமையை மட்டும் பாடுபவர் வெற்றுப் புகழ்ச்சியில் நிற்பார். இரண்டு இடிபாடுகளையும், அவற்றின்பின் எழுந்த இரண்டு ஆலயங்களையும் ஒருசேரச் சொல்பவரே உண்மையைச் சொன்னவர் ஆவார். இடித்தது அதிகாரம், மீண்டும் கட்டியது மக்களின் பற்று. இதுவே அவ்வரலாறு தரும் பாடம்.

சொல் காட்டும் உறவு

மக்களின் மொழி இவ்வுறவைத் தெளிவாகக் காட்டுகிறது. புதுச்சேரியார் அப்பேராலயத்தைச் சம்பா கோவில் என்பர். துய்மா வீதியிலுள்ள தேவாலயத்தை, அதனை நிறுவிய கப்புச்சின் துறவியரின் பெயரால் கப்ஸ் கோவில் என்பர். சிவன் உறையும் இடமும் அன்னை மரியாள் உறையும் இடமும் தமிழில் ஒரே சொல்லால் வழங்குகின்றன. முல்லா வீதி, காஜியார் வீதிப் பகுதியில் இசுலாமியர் தொழும் இடம் பள்ளிவாசல். சமணரும் பௌத்தரும் தங்கிய இடத்திற்கும் முன்னாளில் பள்ளி என்பதே பெயர். மாணவர் கற்கும் இடத்திற்கும் அதுவே பெயர். சமயங்கள் வேறுபட்டன, சொற்கள் அவற்றிற்கு இடையே மதில் எழுப்பவில்லை.

விருந்தினரின் பண்பு

பிறர் ஆலயத்திற்குச் செல்வது வேடிக்கை பார்ப்பதன்று. காலணியைக் கழற்றுவதும், தலையை மூட வேண்டிய இடத்தில் மூடுவதும், தொழுகை நேரத்தில் ஒதுங்கி நிற்பதும், ஒளிப்படக் கருவியை உள்ளே வைப்பதும் சிறு செயல்களாகத் தோன்றலாம். தமக்குப் புனிதமல்லாத ஒன்று பிறருக்குப் புனிதம் என்பதை ஒப்புக்கொள்ளும் செயல்கள் அவை. தம் நம்பிக்கையை விட்டுக்கொடுக்காமலேயே இம்மதிப்பை ஒருவர் அளிக்க இயலும். அவ்வாறு அளிப்பவரின் நம்பிக்கை குறைவதில்லை, பண்பு உயர்கிறது.

சகிப்பது குறைந்த அளவு. அறிந்து மதிப்பதே நிறைவு. அயலாரின் வாயிலில் ஒருமுறை பணிவுடன் நின்றவரிடம், அவர்களைப் பற்றிய அவதூறு எளிதில் எடுபடாது. நோணாங்குப்பத்திற்குச் சுற்றுலா செல்லும் மாணவர், படகுப் பயணத்தோடு நில்லாமல் அந்த வாயில்களுக்கும் செல்வாராயின், வகுப்பறையில் படிக்கும் நல்லிணக்கம் என்னும் சொல் அவர்களுக்கு வாழ்க்கையில் பொருள் தரும்.